நீரிற் கரையாத மருந்து
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



புற்றுநோயைக் குறித்து ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபொழுது, அந்நோயின் காரணங்களையும் அடையாளங்களையும் எடுத்துரைப்பது என் வேலையன்றென்று எண்ணினேன். அவற்றை வைத்தியர் பலர் பல மேடைகளிலும் விளக்கியிருக்கின்றனர். நான் மருந்துகளைக் கையாளும் தொழிலில் இருப்பவன். ஆதலின் அத்தொழிலைச் சார்ந்த ஒரு சிறு விஷயத்தையே எடுத்துக்கொள்கின்றேன். நோயாளியின் வீட்டார் இந்நாளில் அடிக்கடி கேள்விப்படும் சொல்லொன்றுண்டு. அது "நானோ மருந்து" என்பது. சாதாரண மருந்து சரீரம் முழுவதையும் வாட்டும் என்றும், நானோ மருந்தோ புற்றை மாத்திரம் தேடிச்சென்று தாக்கும் என்றும் யாரோ சொல்லக் கேட்டு, நகையை விற்றும் நிலத்தை ஒற்றிவைத்தும் அதனை வாங்க முற்படுவோர் நம்மிலும் உளர். அச்சொல்லில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஒரே ஒரு மருந்தின் சரித்திரத்தைக் கொண்டு உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அதன் பெயர் பாக்லிடாக்செல். டாக்ஸால் என்னும் வியாபாரப் பெயரால் முதலிற் பரவியது. மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று, நுரையீரற் புற்று முதலியவற்றிற்கு உலகெங்கும் வழங்கப்படுவது. நமது இந்திய அரசாங்கத்தார் வெளியிட்டுள்ள அவசிய மருந்துகளின் பட்டியலிலும் இடம் பெற்றது.

இம்மருந்து ஒரு மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஆர்தர் பார்க்லே என்னும் அமெரிக்கத் தாவர சாஸ்திரி, வாஷிங்டன் மாகாணத்துக் காட்டில் வளரும் பசிபிக் யூ என்னும் சிறு மரத்தின் பட்டையைச் சேகரித்தனுப்பினார். புற்றுக்கு மருந்தாகக்கூடிய பொருள் ஏதேனும் செடி கொடிகளில் உண்டோவென்று ஆயிரக்கணக்கான தாவரங்களை அந்நாட்டு அரசாங்கத்தார் அக்காலத்திற் சோதித்து வந்தனர். வட கரோலினாவில் மன்ரோ வால் என்பவரும் மன்சுக் வானி என்பவரும் அப்பட்டையின் சாரத்தைப் பிரித்தெடுத்து, அதன் இரசாயன அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். இவ்விருவருள் வானி என்பவர் மகாராஷ்டிரத்து நந்துர்பாரிற் பிறந்து பம்பாயிற் கற்றவர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

இம்மருந்து புற்றுயிரணுவை எவ்வாறு கொல்லுகின்றது என்பதை 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையார் கண்டறிந்தார். கலியாணத்திற்குப் பந்தல் இடுகின்றோம். முகூர்த்தம் முடிந்ததும் பிரிக்கின்றோம். அதுபோல ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்பொழுது தன்னுள்ளே நுண்ணிய குழல்களால் ஒரு சாரத்தைக் கட்டுகின்றது. வேலைக்குத் தக்கபடி அதனைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கின்றது. அதுவரை அறியப்பட்டிருந்த விஷங்களெல்லாம் அச்சாரத்தைக் கட்டவொட்டாமற் செய்பவை. பாக்லிடாக்செலோ கட்டிய சாரத்தை அவிழ்க்கவொட்டாமற் செய்கின்றது. அவிழாத பந்தலுக்குள் அகப்பட்டுக்கொண்ட உயிரணு பிரியமாட்டாமல் மடிகின்றது. இவ்வளவு அருமையான வழியிற் செயல்புரியும் மருந்து கைக்கு வந்த பின்னரும், அது நோயாளிகளுக்குப் பொதுவாகக் கிடைப்பதற்கு 1992-ஆம் வருஷம் டிசம்பர் வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும், கிடைக்கும் மருந்தோ மிகச் சொற்பம் என்பது ஒரு காரணம். அத்தட்டுப்பாடு, ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிற் கிடைக்கும் வேறொரு பொருளை இதுவாக மாற்றும் முறை வந்தபின் தீர்ந்தது. மற்றொரு காரணந்தான் இன்று நம்முடைய விஷயம். அஃதாவது, இம்மருந்து நீரிற் கரையாது.

கரையாது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் நீரில் இம்மருந்து ஒரு மைக்ரோகிராமுங்கூடக் கரைவதில்லை. மைக்ரோகிராம் என்பது கிராமிற் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. புற்றுமருந்துகளை உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டே கொடுப்பது வழக்கம். சாதாரண உயரமும் எடையுமுள்ள ஒரு ஸ்திரீக்கு அது சுமார் 1.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்திற்கொருமுறை கொடுக்கும் முறையில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் வீதம் அவளுக்கு 280 மில்லிகிராம் வேண்டும். இதனை வெறும் நீரிற் கரைப்பதாயின் 280 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஒரு வீட்டுத் தொட்டி நீரை மனுஷர் நரம்பில் ஏற்ற முடியுமா? கரையாமலே பொடியாக ஏற்றலாமெனில், துகள்கள் மெல்லிய இரத்தக் குழாய்களில் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

வாயால் விழுங்கலாமே எனக் கேட்கக்கூடும். குடலின் சுவரிலுள்ள உயிரணுக்கள் இம்மருந்தை உள்ளே வரும்பொழுதே வெளியே தள்ளிவிடுகின்றன; இரத்தத்தைச் சேர்வது அற்பம். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இமயமலைச் சாரலிலும் ஒருவகை யூ மரம் உண்டு. அதன் இலை சில கடைகளில் தாளிசபத்திரி என்னும் பெயராலும் விற்கப்படுகின்றது. "அமெரிக்கர் மருந்தெடுத்த மரமே இது" என்று சொல்லி அதனைப் புற்றுக்குக் கஷாயமாகக் கொடுப்பது தகாது. யூ இலை இருதயத்தைத் தாக்கும் விஷம் உடையது. மேற்சொன்ன மருந்தோ அதனால் இரத்தத்தைச் சேராது.

இனி, கரையாத மருந்தைக் கரைப்பதற்கு இரசாயனிகள் செய்த யுக்தியைக் கேளுங்கள். நாம் எண்ணெய் தேய்த்து முழுகுகின்றோம். வெறும் நீரை எத்தனை குடம் ஊற்றினும் எண்ணெய் போகாது. சீயக்காயைத் தேய்த்தவுடன் போகின்றது. சீயக்காயிலுள்ள ஒரு பொருள் ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொண்டு, எண்ணெயைச் சிறு சிறு திவலைகளாகச் சுற்றிப் பிடித்து நீரோடு இழுத்துச் செல்லுகின்றது. அதே தந்திரத்தை இங்கும் கையாண்டனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் நமக்கு மிகவும் பழகியது. நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு வலிய ஊற்றிய விளக்கெண்ணெயே அது! ஆமணக்கு எண்ணெயோடு எத்திலீன் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சேர்த்துக் கிரெமோபோர் என்னும் கெட்டியான திரவத்தைச் செய்கின்றனர். உலகில் ஆமணக்கு அதிகமாக விளைவது இந்தியாவிலேயாதலின், இம்மருந்திற்கு நமது புன்செய் நிலங்களும் ஒருவிதத்தில் உறவு என்று சொல்லலாம். கிரெமோபோரையும் சுத்தமான சாராயத்தையும் ஏறக்குறையச் சமபாகமாகக் கலந்து, அதில் மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் வீதம் பாக்லிடாக்செலைக் கரைத்துக் குப்பியில் அடைத்தனர். அதனை உப்பு நீரிற் கலந்து நரம்பிற் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது.

யுக்தி பலித்தது, ஆனால் புதிய துன்பமொன்று கூடவே வந்தது. 1984-இல் மனுஷரிடத்திற் பரீக்ஷை தொடங்கியபொழுது, சிலருக்கு மருந்து ஏறத்தொடங்கிய சில நிமிஷங்களில் மூச்சுத் திணறலும், உடம்பெங்கும் தடிப்பும், இரத்த அழுத்தத்தின் வீழ்ச்சியும் உண்டாயின, மரணமும் நேர்ந்தது. பரீக்ஷையையே கைவிடவேண்டுமோவென்னும் நிலைமை வந்தது. ஆராய்ந்ததில், குற்றம் பெரும்பாலும் மருந்தினுடையதன்று, அதனைச் சுமந்து வந்த கிரெமோபோரினுடையது என்று தெரிந்தது. மேற்கூறிய ஸ்திரீயின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேண்டிய மருந்து 280 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமிற் கால் பங்கிற்குச் சற்று அதிகம். அதனைக் கொண்டுசெல்ல அவள் இரத்தத்தில் ஏற்றும் கிரெமோபோரோ சுமார் 25 கிராம். அதனோடு சாராயம் சுமார் 23 மில்லிலிட்டர். ஆயுளில் மதுவைக் கண்ணாலும் பாராத நம் தாய்மார்களின் உடம்பில் இது ஏறுகின்றது என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நலம். மருந்து ஏறிய பின் அவர்கள் சற்றே தள்ளாடினால் பயப்படாமல் இருக்கலாமன்றோ?

இவ்விபத்தைத் தடுப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடுகள் இன்றும் நடைபெறுகின்றன. டெக்ஸாமெதசோன் என்னும் மருந்தை 20 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்திற்கு முன்னும் 6 மணி நேரத்திற்கு முன்னும் விழுங்க வேண்டுமென்பது ஆதியில் ஏற்பட்ட விதி. காலை 9 மணிக்கு மருந்து ஏற்றுவதாயின் முந்திய இரவு 9 மணிக்கும், பின்னிரவு 3 மணிக்கும் நோயாளியை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டும். இப்பொழுது பல ஆஸ்பத்திரிகளில் ஏற்றுவதற்கு அரை மணிக்கு முன் நரம்பு வழியே கொடுத்து இச்சிரமத்தைக் குறைக்கின்றனர். அன்றியும் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் வேறு மருந்துகளும் முன்னதாக வேண்டும். மருந்தும் மூன்று மணி நேரம் மெதுவாகவே ஏறவேண்டும். கிரெமோபோர் சாதாரணப் பிளாஸ்டிக் குழாயிலுள்ள மென்மையாக்கும் பொருளைக் கரைத்துக்கொண்டு வருவதால் குழாயும் பிரத்தியேகமானதாயிருத்தல் வேண்டும். நடுவில் நுண்ணிய வடிகட்டியும் வேண்டும். இத்தனை காவலுக்குப் பின்னரும் பரீக்ஷைகளில் நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரையில் கடுமையான ஒவ்வாமை கண்டிருக்கின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கு டெக்ஸாமெதசோனால் சர்க்கரை ஏறுவது மற்றொரு தொல்லை.

இன்னுமொரு நுட்பமான குறை உண்டு. இரத்தத்தில் ஏறிய பின்னும் கிரெமோபோர் தன் திவலைகளுக்குள்ளே மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுகின்றது. ஆகவே இரத்தத்தில் மருந்து மிகுதியாக இருப்பதாகச் சோதனையிற் காணும். ஆனால் அதிற் பெரும்பகுதி கூட்டிலடைத்த கிளி போன்றதே. புற்றிருக்கும் இடத்திற்குப் பறந்துபோகாது.

இக்குறைகளை நீக்கும்பொருட்டே நுண்துகள் யுக்தி தோன்றியது. சீயக்காயை விட்டுவிட்டு வேறு ஓடக்காரன் உண்டோவென்று தேடியவர்களுக்கு, நம் உடம்பே அத்தகைய ஓடக்காரனை வைத்திருப்பது புலப்பட்டது. அது ஆல்புமின் என்னும் இரத்தப் புரதம். நீரிற் கரையாத கொழுப்பு அமிலங்களையும் பித்தத்தின் மஞ்சட்பொருளையும் இரத்தத்தில் ஏற்றிக்கொண்டு போவது இதன் நித்தியத் தொழில். பாக்லிடாக்செலைக் குளோரோபாரம் போன்ற திரவத்திற் கரைத்து, ஆல்புமின் கலந்த நீரோடு சேர்த்து, மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய வழிகளின் ஊடே பீறிட்டுச் செல்லுமாறு செய்கின்றனர். மோர் கடைவதில் வெண்ணெய் திரளுகின்றது. இங்கோ அதற்கு நேர்மாறாக, திரண்டிருப்பது சிதறி நுண்துளிகளாகின்றது. பின்னர்க் குளோரோபாரத்தை ஆவியாக்கி நீக்கினால், ஆல்புமின் போர்த்த மருந்துத் துகள்கள் எஞ்சுகின்றன. அவற்றின் சராசரி அளவு 130 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அத்துகள்களை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 7,700 அடங்கும். நமது சிவப்பணுவோ இத்துகளைப்போல் ஐம்பது மடங்கிற்கு மேல் அகலமுடையது. ஆதலால் எந்த மெல்லிய குழாயிலும் அடைபடும் அச்சமில்லை. அன்றியும் பொருள் நுண்ணிதாக ஆக அதன் மேற்பரப்பு பெருகுகின்றது. கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த சர்க்கரை விரைவிற் கரைவதைப் போல, துகளும் இரத்தத்தில் விரைவிற் கலந்துவிடுகின்றது.

அப்ராக்ஸேன் என்னும் பெயரால் இதற்கு அமெரிக்காவில் 2005-ஆம் வருஷம் ஜனவரியில் அனுமதி கிடைத்தது. ஒரு குப்பியில் மருந்து 100 மில்லிகிராம், ஆல்புமின் சுமார் 900 மில்லிகிராம். 20 மில்லிலிட்டர் உப்பு நீர் விட்டால் பால்போன்ற வெண்மையான கலவை உண்டாகும். கிரெமோபோர் இல்லை, சாராயம் இல்லை, பெரும்பாலும் டெக்ஸாமெதசோனும் வேண்டுவதில்லை, மூன்று மணி நேரத்திற்குப் பதில் அரை மணியே போதும். இதிலுள்ள ஆல்புமின் மனுஷர் தானமாகக் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது என்பதையும் இங்கே சொல்லிவைக்கின்றேன். தென்கொரியாவில் வேறொரு வகை உண்டு; அங்கே ஆல்புமினுக்குப் பதிலாகச் செயற்கை இழைப்பொருளால் இன்னும் சிறிய திவலைகள் செய்கின்றனர்.

இதுவரை சொன்னது மெய்யான இலாபம். இனி மிகையான பகுதிக்கு வருவோம். துகள் புற்றைத் தேடிச் செல்லும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? 1986-இல் ஜப்பானிய அறிஞர்களான மட்சுமுராவும் மயேதாவும், புற்றுக்கட்டியில் அவசரமாக முளைத்த இரத்தக் குழாய்கள் ஒழுகும் சுவருடையன என்றும், பெரிய மூலக்கூறுகள் அச்சுவரின் வழியே கட்டிக்குட் புகுந்து அங்கே தங்கிவிடுகின்றன என்றும் எலிகளிற் கண்டு எழுதினர். நல்ல கண்டுபிடிப்பே. ஆயினும் 2016-இல் கனடா தேசத்து டொராண்டோ சர்வகலாசாலையைச் சார்ந்தவர்கள் பத்து வருஷத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிக் கணக்கிட்டபொழுது, பிராணிகளின் உடம்பில் ஏற்றிய நுண்துகள்களிற் புற்றுக்கட்டியைச் சேர்ந்தது நடுத்தரமாக 100-க்கு 0.7 பங்கே என்று கண்டனர். எஞ்சியதில் மிகுதியை ஈரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்ளுகின்றன. அப்ராக்ஸேன் துகளோ இரத்தத்திற் புகுந்த சிறிது நேரத்திலேயே சிதைந்து, மருந்தைத் தனித்தனி ஆல்புமினிடம் ஒப்புவித்துவிடுகின்றது. தேடிச்செல்லும் அம்பு என்று இதனைச் சொல்வது விற்பவனுக்கு இலாபமேயன்றி உண்மைக்குப் பொருந்தாது.

பரீக்ஷைகள் சொல்வதைப் பாருங்கள். பரவிய மார்பகப் புற்றுள்ள 454 பேரிடம் செய்து 2005-இல் வெளியிட்ட பரீக்ஷையில், பழைய வகைக்கு 100-க்கு 19 பேரிடத்தும், புதிய வகைக்கு 33 பேரிடத்தும் கட்டி குறைந்தது. ஆனால் பழைய வகையிற் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராமும், புதிய வகையில் 260 மில்லிகிராமும் கொடுத்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். கிரெமோபோர் இல்லாமையால் அவ்வளவு மருந்தை உடம்பு தாங்கிற்று; அது புதிய வகையின் சிறப்பே. எனினும் துகளின் மகிமை எவ்வளவு, அளவின் மிகுதி எவ்வளவு என்று அதிற் பிரித்தறிய வழியில்லை. கை கால் கடுமையாக மரத்துப்போவதும் பழையதில் 100-க்கு 2 பேருக்கும், புதியதில் 10 பேருக்கும் கண்டது. பின்னர், பழைய வகையை வாரந்தோறும் சிறு அளவிற் கொடுப்பதே மூன்று வாரத்திற்கொருமுறை கொடுப்பதினும் மேல் என்று தெளிந்தது. அம்முறையோடு புதிய வகையையும் ஒப்பிட்டு ஏறக்குறைய 800 பேரிடம் செய்த பரீக்ஷையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. அதிற் புதிய வகை மேம்பட்டதாகக் காணவில்லை, தீங்கோ அதிகமாயிருந்தது.

அப்படியாயின் புதியது வேண்டவே வேண்டாமா? அவ்வாறு நான் சொல்லவில்லை. பழைய வகையில் ஒவ்வாமை கண்டவர்களுக்கு இது ஒரு வரம். நீரிழிவு கட்டுக்கடங்காதவர்களுக்கும், டெக்ஸாமெதசோன் ஆகாதவர்களுக்கும் உபயோகமானது. கணையப் புற்றில் ஜெம்சிடபின் என்னும் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது இப்புதிய வகையையே. 861 பேரிடம் செய்து 2013-இல் வெளியான பரீக்ஷையில், ஜெம்சிடபினை மாத்திரம் பெற்றவர்கள் நடுத்தரமாக 6.7 மாதமும், இரண்டும் பெற்றவர்கள் 8.5 மாதமும் ஜீவித்தனர். இரண்டு மாதத்திற்குச் சற்றுக் குறைவான அந்த வித்தியாசம் பெரிதா சிறிதா என்பதை வெளியிலிருக்கும் நான் தீர்மானிக்கத் தகாது. ஆனால் நிலத்தை ஒற்றிவைக்குமுன் வீட்டார் அந்த எண்ணை அறிந்திருக்க வேண்டும். அறியாமல் ஒற்றிவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே வைத்தியர் "நானோ" வகையை எழுதிக்கொடுத்தால், எந்தக் காரணத்தால் எழுதினார் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒவ்வாமையா, நீரிழிவா, கணையப் புற்றா? அவர் சொல்லும் காரணம் இவற்றைப் போன்றதாயின் வாங்குங்கள். காரணம் "இது புதியது" என்பது மாத்திரமாயின், பழைய வகையை வாரந்தோறும் கொடுப்பதால் ஏதேனும் குறையுண்டோவென்று மறுபடியும் கேளுங்கள். நல்ல வைத்தியர் இக்கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

மற்றொன்று, உயிரோடு சம்பந்தப்பட்டது. இரண்டு குப்பியிலும் பாக்லிடாக்செல் என்னும் பெயரே எழுதியிருக்கும். ஆனால் ஒன்றிற்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கலாகாது. அளவு வேறு, ஏற்றும் நேரம் வேறு, முன்மருந்து வேறு. மேற்சொன்ன ஸ்திரீக்குப் புதிய வகையில் 416 மில்லிகிராம் வரும். பழைய வகையில் அவ்வளவும் ஏற்றினால் விபரீதமாகும். முன்மருந்தின்றிப் பழையதை அரை மணியில் ஏற்றினாலும் அவ்வாறே. பார்த்தவுடன் வேறுபாடு தெரியும்: பழையது தெளிந்த திரவமாகக் குப்பியில் வரும், புதியது உலர்ந்த கட்டியாக வந்து, கலந்தபின் பாலைப்போலிருக்கும். கடையில் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள் இதனை நினைவில் வைக்கவேண்டும்.

நமது சங்கத்தின் வைத்திய உதவி நிதிக்கு விண்ணப்பம் அனுப்புவோர் இதுகாறும் "பாக்லிடாக்செல் ஊசி" என்று மாத்திரம் எழுதி வருகின்றனர். இனிமேல் எவ்வகை என்பதையும், ஒரு தடவைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும், எத்தனை வாரத்திற்கொருமுறை என்பதையும், வைத்தியர் அவ்வகையைத் தேர்ந்த காரணத்தையும் சேர்த்தெழுதுமாறு வேண்டுகின்றேன். காரியதரிசி அவர்கள் அவற்றை என்னிடம் காட்டினால், ஒரே வகையைப் பல கம்பெனிகள் விற்கும் விலைகளை ஒப்பிட்டு, குறைந்த விலையிற் கிடைக்குமிடத்தை மூன்று தினங்களுக்குள் எழுதியனுப்பச் சித்தமாயிருக்கின்றேன்.